கதவு என்ன நிறம்?

என்னுடைய குரு என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவ. பெயர் சிவரூபி. பாரிசுக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறா. என்னைத் "தில்லை அண்ணை" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவா. ஆனால் கேட்ட கேள்விக்கு ஒரு நாளாவது நேரே மறுமொழி சொன்னதில்லை. அதுதான் என்னுடைய முறைப்பாடு.

எங்கள் சைக்கிள் கூட்டத்தில் தமிழர் ஒன்பது பேர். நாலு வருசத்துக்கு ஒருமுறை வருகிற ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்தவ அவ ஒருத்திதான், அதுவும் மூன்று தரம். அதில் சேர வேண்டுமென்றால் முதலில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றைப் பதின்மூன்றரை மணித்தியாலத்துக்குள் முடித்து, அவர்கள் தருகிற அட்டையில் வழிநெடுக முத்திரை எல்லாம் வாங்க வேண்டும். நான் இரண்டு தரம் போய் இரண்டு தரமும் தோற்றவன். முதல்தரம் இருபது நிமிசம் பிந்தினேன். இரண்டாம்தரம் காலில் நரம்பு இழுத்து, வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

எனக்கு ஐம்பத்து நாலு வயது. இருபத்தாறு வருசம் மொத்தச் சந்தையின் குளிர் அறையில் பெட்டி தூக்கினேன். ஒருத்தரும் எனக்குக் கைதட்டினதில்லை. அந்த நீள ஓட்டம் முடிகிற தெருவில் சனம் இரண்டு பக்கமும் நின்று கைதட்டுமாம். எனக்கு அது வேணும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதுக்காகத்தான் இந்தப் பாடெல்லாம். இந்த வருசத்தில் ஜூன் மாத ஓட்டம் ஒன்றுதான் மிச்சம். அதை விட்டால் அடுத்ததுக்கு எனக்கு ஐம்பத்தெட்டு ஆகிவிடும். முழங்கால் அதுவரை தாங்குமோ என்று கேட்டதுக்கு டொக்டர் கதையை மாற்றிவிட்டார்.

என்னுடைய பிரச்சினை ஏற்றம். நான் சைக்கிள் பழகின யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்றால் மதகு ஒன்றுதான். பெடலை இரண்டு உழக்கு உழக்கினால் அந்தப் பக்கம் போய்விடலாம். பிரான்சின் நாட்டுப்புறத்தில் அந்தக் கதை சரிவராது. ஏறி, இறங்கி, மூச்சு வாங்கி நிமிர்ந்து பார்த்தால் இன்னொரு ஏற்றம் நிற்கும். அதுக்குப் பின்னால் அதன் தமையன் நிற்பான்.

குரு என்று ஒருத்தி இருக்கிறாவே என்று கேட்டேன், ஏற்றம் எப்படி ஏறுகிறது என்று. தண்ணீர்ப் போத்தலை நீட்டினா. குடித்தேன். அவ்வளவுதான் மறுமொழி. இன்னொரு நாள் விடாமல் பிடித்தேன்.

"தங்கச்சி, ஏற்றம் எப்பிடி ஏறுறது?"

"எந்த ஏற்றம் அண்ணை?"

"எந்த ஏற்றம் எண்டால்? எல்லா ஏற்றமும்தான்."

"அப்பிடி ஒரு ஏற்றத்தை நான் காணேல்லை."

எனக்கு விசர் பிடித்தது. கியரைப் பற்றிச் சொல்லலாம், மூச்சைப் பற்றிச் சொல்லலாம், சைக்கிள் சீற்றைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லலாம். எக்ஸ்ரே எடுக்கிறவவுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? வீட்டுக்கு வந்து என் மனுசியிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை உங்களிடம் அகப்பட்டுப் படுகிற பாடு என்று அவள் எனக்கே திருப்பினாள்.

சரி, குரு கைவிட்டால் சொந்தப் புத்தியைப் பாவிக்க வேண்டியதுதான். இந்த ஓட்டத்தில் ஒரு வழமை இருக்கிறது. குறுக்கு வழியில் வராமல் எல்லா இடமும் போனவன்தானா என்று பார்க்க, அட்டையில் ஆறு கேள்வி அச்சடித்திருப்பார்கள். இந்த ஊர் மணிக்கூட்டில் முள் என்ன நிறம், அந்தக் கோட்டை வாசலில் எத்தனை படி என்கிற மாதிரி. அந்தந்த இடத்தில் இறங்கிப் பார்த்து விடையை எழுத வேண்டும். பிறகு முத்திரை குத்துகிற மேசையில் அதைக் காட்ட வேண்டும்.

இறங்கி, பார்த்து, பேனை தேடி, எழுதி, திரும்ப ஏற ஒரு இடத்துக்கு நாலு நிமிசம் போகும். ஆறு இடத்துக்கு இருபத்து நாலு. முதல்தரம் நான் தோற்றது இருபது நிமிசத்தில். இது எந்த மடையனுக்கும் விளங்குகிற விசயம். அட்டை தபாலில் வந்த அன்றைக்கே போனில், தெருவை நேரில் பார்க்கிற மாதிரிக் காட்டுகிற தெருப்படத்தைத் திறந்தேன். ஒவ்வொரு ஊராகப் போய், விரலால் பெரிசாக்கிப் பார்த்து, ஆறு விடையையும் சாப்பாட்டு மேசையில் இருந்தே எழுதி முடித்தேன். நாலாவது கேள்வி, மேட்டில் நிற்கிற சின்னத் தேவாலயத்தின் கதவு என்ன நிறம் என்பது. படத்தில் வடிவாகத் தெரிந்தது. நீலம் என்று எழுதினேன். ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

ஓசேர் என்ற ஊரில் காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டோம். ஆற்றங்கரையில் பெரிய தேவாலயம் ஒன்று. சிவரூபி போகிற போக்கில் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தா. இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட முடியவில்லை.

பிறகு திராட்சைத் தோட்டங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சரிவு சரிவாகக் கொடி நட்டிருக்கிறார்கள். அதுக்குள்ளால் தெரு ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும். நான் சைக்கிளின் முன்சில்லையும் வேகம் காட்டுகிற பெட்டியையும் மட்டும் பார்த்து உழக்கினேன். ஏற்றத்தில் சிவரூபி என்னைக் கடந்து போவா. ஒரு அவசரமும் இல்லாமல், சந்தைக்குப் போகிறவ மாதிரிப் போவா. நான் நாக்குத் தள்ளி உச்சிக்கு வந்தால் அங்கே சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு எதையாவது பார்த்துக்கொண்டு நிற்பா. பழைய கிணறு, கல் சிலுவை, ஆரோ ஒரு பிரபுவின் புறாக்கூண்டு. நான் கடந்து போவேன். அடுத்த ஏற்றத்தில் திரும்பவும் வந்து பிடிப்பா. இப்படியே எழுபது கிலோமீட்டர்.

என் பாட்டில் தனியாகப் போய்விடலாமே என்று கேட்பீர்கள். அதுக்குப் பிறகு காத்து எதிரே அடிக்கத் தொடங்கினது. அவவின் பின்சில்லை ஒட்டிக்கொண்டு போனால் பாதிக் காத்து எனக்கு அடிக்காது. அதனால் காத்திருக்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

நுவாயே என்று ஒரு ஊர். சுவரெல்லாம் மரச்சட்டம் வைத்துக் கட்டின, சாய்ந்து போன பழைய வீடுகள். அங்கே ஒரு வீட்டுக்கு முன்னால் ஆறு நிமிசம் நின்றா. நான் மணிக்கூட்டைக் காட்டினேன். பாணில் பாதியை முறித்துத் தந்து, அந்த வீட்டு உத்தரத்தில் ஆரோ ஒரு முகம் செதுக்கியிருக்கிறதாம், பல்லுக் குத்துகிற மாதிரி இருக்கிறதாம் என்று சொன்னா. பல்லுக் குத்துகிற முகத்தைப் பார்க்கவா நான் விடியப் புறம் எழும்பி வந்தேன்? பாணைத் தின்றேன். முகத்தைப் பார்க்கவில்லை.

பின்னேரம் மூன்றேகால் மணிக்கு, நாலாவது கேள்வியில் வந்த அந்தத் தேவாலய மேட்டுக்கு நான் முதலில் வந்து சேர்ந்தேன். அந்த ஏற்றத்துக்குக் கீழே அவ ஏதோ பாலத்தில் நின்றுவிட்டா. இதுக்குப் பிறகுதான் காத்து மோசம் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அதனால் தேவாலயத்து வாசல் படியில் காலை ஊன்றி, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிசம், மூன்று நிமிசம், ஏழு நிமிசம். பதினோராவது நிமிசத்தில் ஆடி அசைந்து வந்து இறங்கினா. அட்டையை எடுத்து எழுதினா. எழுதின பிறகாவது ஏறவேண்டாமோ? அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றா.

"அண்ணை, இஞ்ச வாங்கோ. மேல பாருங்கோ."

நான் திரும்பவே இல்லை. பிறகு பார்க்கலாம், நேரம் போகுது, சைக்கிளில் ஏறும் என்றேன்.

அடுத்த பன்னிரண்டு கிலோமீட்டரும் நல்லபடி போனது. அவவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தேன். கடைசி இறக்கத்தில் கையை பிரேக்கில் வைக்காமல் விட்டேன், அவ பின்னால் போய்விட்டா. எதிரே வெஸ்லே மலை. அதன் உச்சியில் ஆயிரம் வருசத்துப் பெரிய தேவாலயம், எவ்வளவு தூரத்தில் இருந்தும் தெரியுமாம். நான் பார்த்தது மலையடியில் ஒரு வீட்டுக் கராஜுக்கு முன்னால் போட்டிருந்த மேசையை. நேரம் நாலு பத்து. எட்டரை மணிக்குள் இன்னும் ஐம்பத்தேழு கிலோமீட்டர்தான். வாழ்க்கையில் முதல்தரம் நேரம் என் பக்கம் நின்றது. பாட்டுப் பாட வேண்டும் போலிருந்தது.

மேசையில் இருந்தவ புவரேல் அம்மா, பிரெஞ்சுக்காரர் வாயில் மடம் புவரேல். எழுபத்தைந்து வயது இருக்கும், பக்கத்தில் ஊன்றுகோல். வருசா வருசம் தன் வீட்டு வாசலில் மேசை போட்டு முத்திரை குத்துகிறவ. என் அட்டையை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விடைகளைப் படித்தா. நாலாவதில் விரல் நின்றது.

நீலமா என்று கேட்டா. பிறகு சிரித்தா. நீங்கள் பழைய ஆள்போல, எங்களுக்கும் வாயில் இன்னும் நீலம் என்றுதான் வருகிறது என்றா. சித்திரை மாதம்தான் கதவுக்குப் பச்சை அடித்தார்களாம். ஐம்பது வருசமாக நீலமாக இருந்த கதவாம். பேனையை எடுத்து, நீலத்தை வெட்டி, தன் கையாலேயே பச்சை என்று எழுதினா. நான் மூச்சை விட்டேன். முத்திரையை மையில் ஒற்றினா.

குத்துகிறதுக்கு முதல் நிமிர்ந்து என்னைப் பார்த்தா. அந்தக் கூடு இருக்கிறதா என்று கேட்டா.

எனக்கு விளங்கவில்லை. மெதுவாகச் சொன்னா. அந்தத் தேவாலய வாசல் வளைவில் வருசா வருசம் குருவி மண்ணால் கூடு கட்டும். அவ அங்கே கலியாணம் கட்டின அன்றைக்கும் தலைக்கு மேலே குஞ்சு கத்தினதாம். அவவின் மனுசன் செத்து இரண்டு வருசம். இடுப்பெலும்பு உடைந்த பிறகு அவவால் அந்த மேட்டுக்குப் போக முடியவில்லை. கதவுக்குப் பெயின்ற் அடிக்க வந்தவர்களைக் கூட்டைக் கலைக்கவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறா. அவர்கள் தலையாட்டினார்களாம். உண்மையில் விட்டார்களோ என்று காலையில் இருந்து வருகிறவர் எல்லாரிடமும் கேட்கிறாவாம். ஒருத்தரும் கவனிக்கவில்லையாம். முத்திரையை வாங்கிக்கொண்டு ஓடுகிறார்களாம்.

முத்திரை அவவின் கையில் அட்டைக்கு மேலே நின்றது.

"ஓம் மடம், இருக்குது," என்றேன்.

கடவுளே, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தா. கண் நிறைந்துவிட்டது. எத்தனை குஞ்சு என்று கேட்டா. பறக்கிற பருவமா, இன்னும் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறதா? தாய் வந்து தீன் கொடுத்ததைக் கண்டீர்களா?

மூன்று என்று சொல்லியிருக்கலாம். ஆருக்குத் தெரியப் போகுது? ஒரு பொய் சொன்னவனுக்கு இன்னொன்று பாரமா? பதினொரு நிமிசம் அந்தக் கூட்டுக்கு நேரே கீழே நின்றவன் நான். என் தலையில் எச்சம் விழாதது ஆச்சரியம். அந்தப் பதினொரு நிமிசத்தையும் திருப்பித் திருப்பி யோசித்தேன். எனக்கு மணிக்கூட்டு முள்தான் ஞாபகம் வந்தது. அவ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா.

"மடம், நான் பாக்கேல்லை," என்றேன். "கதவையும் பாக்கேல்லை. வீட்டில இருந்து போனில பாத்து எழுதினது."

அவ கோவிக்கவில்லை. கோவித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். கையை மெதுவாக எடுத்தா. பரவாயில்லை, களைத்து வந்திருக்கிறீர்கள், நேரத்துக்கு வந்ததுதானே முக்கியம் என்று சொல்லி, திரும்பவும் முத்திரையைத் தூக்கினா. இது ஒரு விளையாட்டுத்தானே என்றா.

நான் அட்டையை இழுத்து எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் என்னையே நான் ஏசுகிறேன். விசரன். கைக்கெட்டினதை வாய்க்கு முன்னால் தட்டிவிட்டவன். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமோ என்று கணக்குப் போட்டேன். போக வர இருபத்து நாலு கிலோமீட்டர், ஐந்து மணிக்கு மேசையை மூடிவிடுவார்கள். முடியாது. அந்த முத்திரை இல்லாத அட்டை வெறும் மட்டை. நாலு வருசமும் போச்சு, கைதட்டலும் போச்சு.

அப்போதுதான் சிவரூபி வந்து சேர்ந்தா. மடம் புவரேல் அவவின் அட்டையை வாங்கினா. இந்தமுறை சத்தம் இறங்கிப்போய், பதிலை எதிர்பார்க்காமலே கூட்டைப் பற்றிக் கேட்டா. சிவரூபி ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அவவுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து சொன்னா.

நாலு குஞ்சு. மூன்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. ஒன்று மற்றதுகளை மிதித்துக்கொண்டு விளிம்பில் ஏறி நின்றது, நாளைக்கே பறக்கும்போல. பெயின்ற் அடித்தவன் கூட்டைத் தொடவில்லை. ஆனால் தூரிகை கூட்டின் அடியில் பட்டிருக்கிறது. மண் கூட்டுக்கு விரலளவு பச்சைக் கரை.

மடம் புவரேல் பச்சைக் கரை, பச்சைக் கரை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தா. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் ஓடினது. முத்திரை குத்த மறந்துபோய், சிவரூபிதான் ஞாபகப்படுத்தினா. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு எங்கே பார்க்கிறதென்று தெரியவில்லை.

வெளிக்கிட்டோம். என்னுடைய பை புறப்பட்ட இடத்தில், ஓசேரில் கிடந்தது; தோற்றாலும் அங்கே மட்டும் ஓடித்தான் ஆகவேண்டும். மேசையில் நடந்ததை நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், தெருப்படம் பார்த்ததில் இருந்து. சிவரூபி கேட்டுக்கொண்டு வந்தா. உங்களுக்கு இது வேணும் என்றாவது சொல்லலாம், பரவாயில்லை அண்ணை என்றாவது சொல்லலாம். ரெண்டும் இல்லை. மனுசர் இப்படியும் இருப்பார்களா? ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது.

வெஸ்லே ஏற்றம் தொடங்கினது. பார்க்கிறதுக்கு வேகப்பெட்டியும் இல்லை, அதை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். இனி அது எதுக்கு? தெரு மதில்களுக்கு நடுவில் வளைந்து மேலே போனது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. என் மூச்சு எனக்கே கேட்டது. சிவரூபி இந்தமுறை முன்னால் போகவில்லை, பக்கத்திலேயே வந்தா. பாதி ஏறினதும் எனக்குத் தாங்கவில்லை.

"நீர் ஏழு தரம் வந்த பாதை இது. இந்த ஏற்றம் எங்க முடியுது? அதையாவது ஒழுங்காச் சொல்லும்."

சிவரூபி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வளைவைப் பார்த்தா.

"தெரியாது அண்ணை. நானும் இப்பத்தான் வாறன்."